வெளுத்த விரல்களும் ஒரு வைத்திய மாதரசியும்

அமெரிக்காவில் இந்தியானா என்று ஒரு மாகாணம் உண்டு. அதன் தென்பகுதியில் இருப்பது பெட்ஃபோர்டு என்ற சிறிய ஊர். அந்த ஊரைச் சுற்றித் தோண்டினால் கிடைப்பது பொன்னுமல்ல, வெள்ளியுமல்ல; வெறும் சுண்ணாம்புக் கல்! ஆனால் உளிக்கு இணங்கி, காலத்துக்கு இணங்காத கல் அது. கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அதன்மேல் தீராத மோகம். நியூயார்க் நகரில் 1931-ம் ஆண்டில் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடம் போர்த்திக்கொண்டு நிற்பதும் இந்தியானாக் கல்லைத்தான்.

1918-ம் ஆண்டில், நல்ல குளிர்காலத்தில், அந்த ஊருக்கு ஒரு பெண் டாக்டர் வந்து சேர்ந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. அவர் வந்தது காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க அல்ல. பிரசவம் பார்க்கவும் அல்ல. கல்தச்சர்களின் கைவிரல்களைப் பார்க்க வந்தார்!

அந்த விரல்களில் என்ன விசேஷம்? காலையில் எழுந்து குளிர் காற்றுப் பட்டவுடன் அவை திடீரென்று வெளுத்துவிடும். இரத்தமே இல்லாத பிணத்தின் விரல்போல் சுருங்கி, மரத்துப் போகும். ஊசியால் குத்தினாலும் தெரியாது. சட்டைப் பொத்தானைப் போட முடியாது. வெளுத்த இடத்துக்கும் வெளுக்காத இடத்துக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரியும். செத்த விரல்கள் என்றுதான் தொழிலாளர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

செத்த விரல்களுக்குக் காரணம் தேடி வந்த அந்த அம்மையார்தான் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன். தொழிற்சாலைப் புகையும் தூசியும் அதிர்ச்சியும் மனித உடலை என்ன செய்கின்றன என்பதை அமெரிக்க மக்களுக்கு எடுத்துக் காட்டியவர்களில் முதன்மையானவர். நூற்றொரு வயது வரை வாழ்ந்தவர். அவருடைய வாழ்க்கை ஒரு வீரக் கதை. ஆனால் அதில் வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

செல்வம் போனது, துணிவு வந்தது

ஆலிஸ் பிறந்தது 1869-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி, நியூயார்க் நகரில். வளர்ந்தது இந்தியானா மாகாணத்திலுள்ள ஃபோர்ட் வேய்ன் நகரில். தந்தை மாண்ட்கோமரி ஹாமில்டன் மொத்த மளிகை வியாபாரி. தாய் ஜெர்ட்ரூட். நான்கு பெண்களில் ஆலிஸ் இரண்டாமவர். வெகு காலத்துக்குப் பின் ஒரு தம்பியும் பிறந்தான். மூத்த சகோதரி எடித் ஹாமில்டன், பண்டைய கிரேக்கர்களைப் பற்றி நூல்கள் எழுதிப் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றவர்.

பள்ளிக்கூடத்துப் பாடமுறை தந்தைக்குப் பிடிக்கவில்லை. ஆகவே பெண்கள் வீட்டிலேயே படித்தார்கள். எந்த விஷயத்தையும் பிறர் சொல்லக் கேட்டு நம்பாமல் தானே தேடிக் கண்டுபிடிக்கவேண்டும் என்பது தந்தை காட்டிய வழி. ஊரில் ஒரு குறையைக் கண்டால் யாராவது கவனிக்கட்டும் என்று ஒதுங்காமல் தானே முன்வரவேண்டும் என்பது தாயின் போதனை. இந்த இரண்டும்தான் ஆலிஸுக்குக் கிடைத்த பிதிரார்ஜிதச் சொத்து என்று சொல்லவேண்டும். ஏனென்றால் தந்தையின் வியாபாரம் நொடித்துப் போயிற்று. பெண்கள் தங்கள் சொந்தக் காலில் நிற்கவேண்டிய நிலை வந்தது.

ஆலிஸ் வைத்தியத் தொழிலைத் தேர்ந்தெடுத்தார். டாக்டராக இருந்தால் உலகத்தின் எந்த மூலைக்கும் போகலாம். போன இடத்தில் நாலு பேருக்கு உபயோகமாகவும் இருக்கலாம் என்பது அவர் எண்ணம். மிச்சிகன் சர்வகலாசாலையில் படித்து 1893-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

நோயாளிகளைக் கவனிப்பதைவிட நோயின் மூலத்தை ஆராய்வதிலேயே அவருக்கு ஆர்வம். 1895-ல் அக்காள் எடித்துடன் ஜெர்மனிக்குச் சென்றார். லைப்ஸிக், மூனிச் நகரங்களின் சர்வகலாசாலைகளில் பெண்களுக்கு அந்தக் காலத்தில் முறையான இடம் கிடையாது. யார் கண்ணிலும் படாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் அனுமதித்தார்கள். இருவரும் பொறுத்துக்கொண்டு படித்தார்கள்.

ஏழைகளின் நடுவே

1897-ல் சிகாகோவில் ஒரு பெண்கள் வைத்தியக் கல்லூரியில் ஆலிஸுக்கு உத்தியோகம் கிடைத்தது. ஆனால் அவருடைய வாழ்க்கையை மாற்றியது அந்த உத்தியோகம் அல்ல. அவர் குடியேறிய வீடு. அதன் பெயர் ஹல் ஹவுஸ்.

பிற்காலத்தில் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜேன் ஆடம்ஸ் அம்மையாரும் அவருடைய தோழியும் 1889-ல் தொடங்கிய சேவா ஸ்தாபனம் அது. இத்தாலி, கிரீஸ், ருஷ்யா முதலிய தேசங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டையின் நடுவே அது இருந்தது. படித்தவர்கள் அங்கே வந்து ஏழைகளின் அண்டை வீட்டுக்காரர்களாக வாழ்ந்தார்கள். ஆலிஸ் அங்கே இருபத்திரண்டு வருஷங்கள் வாழ்ந்தார். பகலில் ஆராய்ச்சிசாலை, மற்ற நேரங்களில் குழந்தைகளைக் குளிப்பாட்டுவது, தாய்மார்களுக்கு யோசனை சொல்வது, இப்படிப் போயிற்று காலம்.

1902-ல் சிகாகோவில் விஷ ஜுரம் பரவிற்று. ஹல் ஹவுஸ் இருந்த பேட்டையில்தான் சாவு அதிகம். மூடாத கக்கூஸ்களில் மொய்த்த ஈக்களை ஆலிஸ் பிடித்துப் பரிசோதித்தார். ஜுரக் கிருமிகள் இருந்தன! ஈக்களே நோயைப் பரப்பின என்று கட்டுரை எழுதினார். பாராட்டுக் குவிந்தது, நகர சுகாதார இலாகாவே சீர்திருத்தி அமைக்கப்பட்டது. ஆனால் பிறகுதான் உண்மை தெரிந்தது. குடிநீர் அனுப்பும் நிலையத்தில் குழாய் உடைந்து, சாக்கடை நீர் மூன்று நாட்கள் குடிநீருடன் கலந்திருக்கிறது. அதிகாரிகள் அதை மூடி மறைத்துவிட்டார்கள்.

தாம் கண்டது முழு உண்மை அல்ல என்பதை ஆலிஸ் வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டார். பிற்காலத்தில் யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கும் பழக்கமும், தாம் கண்டதற்கு மேல் ஒரு வார்த்தையும் எழுதாத கட்டுப்பாடும் அவருக்கு ஏற்பட்டதற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

காரீயத்தின் கொடுமை

ஹல் ஹவுஸ் பேட்டையில் ஒரு விஷயம் ஆலிஸின் மனத்தை உறுத்திற்று. வாட்டசாட்டமான ஆண்கள் சில மாதங்கள் தொழிற்சாலைக்குப் போவார்கள். பிறகு கை விழுந்து, வயிறு முறுக்கி, வெளிறிப் போய்த் திரும்பி வருவார்கள். என்ன தொழில், என்ன விஷம் என்று கேட்பார் இல்லை. ஐரோப்பாவில் இதைப்பற்றிப் பெரிய நூல்களே இருந்தன. அமெரிக்காவில் ஒன்றுமே இல்லை. நம் தொழிற்சாலைகள் உயர்ந்தவை, இங்கே அப்படிப்பட்ட நோய்கள் கிடையா என்ற நினைப்பு!

1910-ல் இல்லினாய் மாகாண சர்க்கார் தொழில் நோய்களைப்பற்றி விசாரணை தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பு ஆலிஸிடம் வந்தது. அவர் எடுத்துக்கொண்ட முதல் எதிரி காரீயம்.

தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினார். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டினார். தொழிலாளர்களின் வீட்டுக்கே போய் மனைவிமார்களிடம் பேசினார். எங்கெங்கே காரீயம் ஒளிந்திருந்தது தெரியுமா? பெயிண்டில் இருந்தது, எனாமல் குளியல் தொட்டியில் இருந்தது, சுருட்டைச் சுற்றும் பளபளப்பான காகிதத்திலும், சவப்பெட்டியின் அலங்காரத்திலும் கூட இருந்தது. எழுபதுக்கு மேற்பட்ட தொழில்முறைகளில் காரீயம் புழங்குவதையும், 578 பேர் அதன் விஷத்துக்கு ஆளானதையும் அந்த விசாரணை கண்டுபிடித்தது.

கையைக் கழுவாமல் சாப்பிடுவதால்தான் தொழிலாளி நோயாளியாகிறான் என்று முதலாளிகள் சொல்லி வந்தார்கள். அது தவறு என்று ஆலிஸ் காட்டினார். விஷம் பெரும்பாலும் கை வழியாகப் போகவில்லை. மூச்சின் வழியாகப் போயிற்று. தூசியையும் புகையையும் அடக்கவேண்டியது தொழிற்சாலைக்காரரின் கடமை.

சிகாகோவில் பெரிய காரீயத் தொழிற்சாலைகளை நடத்திய எட்வர்ட் கார்னிஷ் என்பவர் இதை நம்பவில்லை, கோபித்துக்கொண்டார். ஆனால் நிரூபித்தால் திருத்திக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். ஆலிஸ் அவருடைய தொழிற்சாலைகளிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன 22 பேரின் விவரங்களைக் கொண்டுவந்து வைத்தார். கார்னிஷ் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். தூசியையும் புகையையும் அடக்க ஏற்பாடு செய்தார். தொழிலாளர்களை வாரந்தோறும் பரிசோதிக்க டாக்டர்களை நியமித்தார். சட்டம் வந்தது 1911-ல்தான். அதற்கு முன்பே நடந்த காரியம் இது.

அதன் பிறகு மத்திய சர்க்காரின் தொழில் இலாகா ஆலிஸை விசேஷ விசாரணையாளராக அமர்த்திக்கொண்டது. விசித்திரமான உத்தியோகம்! மாதச் சம்பளம் கிடையாது. அறிக்கையை எழுதி முடித்தால் சர்க்கார் அதை விலைக்கு வாங்கிக்கொள்ளும். எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் நுழைய அவருக்குச் சட்டப்படி உரிமையும் இல்லை. கதவைத் தட்டி, மரியாதையாகப் பேசி, அனுமதி பெற்றுத்தான் போகவேண்டும். அந்த மரியாதையான பேச்சே அவருடைய பலம். யாரையும் திட்டமாட்டார், ஆனால் கண்டதை மறைக்கவும் மாட்டார்.

காற்றுச் சுத்தி

இப்படி விஷங்களைத் தேடித் திரிந்தவரிடம் 1918-ல் வந்த புதிய வழக்குத்தான் பெட்ஃபோர்டு கல்தச்சர்களின் வழக்கு. இங்கே விஷமும் இல்லை, புகையும் இல்லை. குற்றவாளி ஒரு கருவி.

பழைய நாளில் கல்தச்சன் இடது கையில் உளியைப் பிடித்து, வலது கையால் சுத்தியை ஓங்கி அடிப்பான். ஒவ்வோர் அடிக்கும் இடையே கைக்கு ஓய்வு உண்டு. பிறகு காற்றுச் சுத்தி வந்தது. இயந்திரத்தால் அமுக்கப்பட்ட காற்று குழாய் வழியாக வந்து உருளைக்குள் ஒரு சிறு தண்டை முன்னும் பின்னும் விரட்டும். அது உளியின் தலையில் நிமிஷத்துக்கு மூவாயிரம் தடவைக்கு மேல் அடிக்கும். தச்சன் வலது கையில் சுத்தியையும் இடது கையில் உளியையும் பிடித்துக்கொண்டு ஓட்டினால் போதும். பல நாள் வேலை ஒரு நாளில் முடிந்தது. முதலாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் தச்சனின் விரல்கள் வெளுக்கத் தொடங்கின.

கருவிதான் காரணம் என்றது கல்தச்சர் சங்கம். இல்லை என்றது எதிர்த் தரப்பு. குளிர் தேசத்தில் விரல் மரத்துப் போவது சகஜம்தானே என்றும், வெறும் மனப்பிரமை என்றும் சொல்லக்கூடிய வியாதி இது. வலியைக் காட்ட முடியாது. டாக்டரின் அறைக்கு வந்து சூடான இடத்தில் உட்கார்ந்தால் விரல் பழையபடி சிவந்துவிடும்; பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது! ஆகவேதான் பொல்லாத குளிரில், பனி பெய்யும் மாதத்தில், பரிசோதிக்க வேண்டியிருந்தது.

டாக்டர் ஹாமில்டன் பெட்ஃபோர்டில் 38 கல்தச்சர்களின் கைகளைப் பரிசோதித்தார். அவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேருக்கு இந்தக் கோளாறு இருந்தது. உளியைப் பிடிக்கும் இடது கையில்தான் அதிகம். வேலை செய்யும்போது அவ்வளவாக வருவதில்லை. விடியற்காலையிலும், வேலை முடிந்து வெளியே வரும்போதும், குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கும்போதும் வரும். சிறிது நேரம் தேய்த்துச் சூடேற்றினால் இரத்தம் திரும்பும். அப்போது எரிச்சலும் குத்தலும் பிராணனை வாங்கும்.

ஒரே ஊரைப் பார்த்து அவர் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. கருங்கல் வெட்டும் வெர்மாண்ட் மாகாணத்து பாரி நகரம் போன்ற பிற இடங்களையும் விசாரித்தார். உண்மை பளிச்சென்று தெரிந்தது. காற்றுச் சுத்தியை ஓயாமல் பிடிக்கும் பிரிவினரிடம் நோய் மிகுதி. கொஞ்சமாகப் பிடிப்பவர்களிடம் குறைவு. காற்றுச் சுத்தியைத் தொடாமல் பழைய முறையில் கையால் அடிக்கும் தச்சனிடம் நோயே இல்லை! அவனும் அதே குளிரில்தான் வேலை செய்கிறான். அதே கல்லைத்தான் செதுக்குகிறான். அப்படியானால் குற்றவாளி குளிர் மட்டுமல்ல என்பது தெளிவாயிற்று.

மூன்று காரணங்கள் சேர்ந்து விரலைக் கெடுக்கின்றன என்று அவர் முடிவு கூறினார். முதலாவது, கருவியை நெடுநேரம் இறுக்கிப் பிடித்திருப்பது. இரண்டாவது, கருவியின் அதிர்ச்சி. மூன்றாவது, குளிர். தேய்ந்து ஆடிப்போன சுத்தியும், இடைவிடாத வேலையும், சூடில்லாத பட்டறையும் கேட்டை வளர்க்கின்றன. இவற்றைச் சரிப்படுத்தினால் நோயைப் பெரிதும் குறைக்கலாம் என்றும் எழுதினார்.

இன்னொரு கொடிய உண்மையையும் அவர் கண்டார். காற்றுச் சுத்தியை விட்டுப் பல வருஷங்கள் ஆனவர்களுக்கும் குளிர்காலத்தில் விரல் வெளுத்தது. கருவியைக் கீழே வைத்துவிடலாம்; அது கொடுத்த நோயைக் கீழே வைக்க முடியவில்லை.

தொழிலாளர் பக்கம் அனுதாபம் இருந்தாலும் அவர் மிகைப்படுத்தவில்லை. கட்டடத்துக்குள் செய்யும் வழக்கமான செதுக்கு வேலைத் திறமை இதனால் கெடுவதில்லை என்பதே பெரும்பாலான தச்சர்களின் அபிப்பிராயம் என்று எழுதினார். ஆனால் குளிரில் வெளி வேலை செய்ய முடியாமல் போகலாம். கையில் குளிர் படக்கூடிய வேறு நுட்பமான தொழிலுக்கும் போக முடியாமல் போகலாம் என்றும் சேர்த்து எழுதினார். உண்மையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்த வருஷமே தொழில் புள்ளிவிவர இலாகா அந்த அறிக்கையை 236-ம் எண் வெளியீட்டில் அச்சிட்டது.

விரல் ஏன் வெளுக்கிறது?

குளிர் பட்டால் விரலின் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குவது இயற்கை. உடம்பின் சூட்டைக் காப்பதற்காக நரம்புகள் இடும் கட்டளை அது. சிலருக்கு இந்தச் சுருக்கம் அளவு மீறிப் போய் விரல் வெளுப்பதை மாரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு டாக்டர் 1862-லேயே விவரித்திருந்தார். காற்றுக் கருவிகளைப் பிடிக்கும் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதைக் கண்டதாக இத்தாலிய டாக்டர் லோரிகா 1911-ல் எழுதினார். ஆனால் கருவிக்கும் நோய்க்கும் உள்ள சம்பந்தத்தைத் தொழில் தொழிலாக ஒப்பிட்டு விளக்கியது பெட்ஃபோர்டு விசாரணைதான்.

வருஷக்கணக்கில் அதிர்ச்சி பட்ட கையில் இரத்தக் குழாய்களின் சுவரும், அவற்றை ஆளும் நரம்புகளும் கெட்டுவிடுகின்றன. சிறு குளிருக்கே குழாய் அடைத்தாற்போல் மூடிக்கொள்கிறது. இன்னொரு புறம், தொடு உணர்ச்சி தரும் நரம்பு நுனிகளும் சேதமடைகின்றன. முதலில் வேலை முடிந்ததும் விரலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி, பிறகு மரமரப்பு, பிறகு சின்னத் திருகாணியையும் காசையும் தடவி எடுக்க முடியாத நிலை, பிடிப்பின் வலுவும் குறையும். வெளுப்பைக் கண்ணால் காணலாம். நரம்பின் கேடோ கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

ஹார்வர்டில் முதல் பெண்

பெட்ஃபோர்டு அறிக்கை வெளிவந்த மறுவருஷம், 1919-ல், ஹார்வர்டு சர்வகலாசாலை தொழில் வைத்தியத்தைப் போதிக்க ஆள் தேடியது. அந்தச் சாஸ்திரத்தில் தேர்ந்தவர் அமெரிக்காவில் அவரைப்போல் வேறு யார்? பெண்களை மாணவிகளாகக் கூடச் சேர்க்காத அந்த வைத்தியக் கல்லூரி ஒரு பெண்ணை ஆசிரியையாக ஏற்கவேண்டி வந்தது. ஹார்வர்டின் முதல் பெண் பேராசிரியை அவரே.

ஆனால் நிபந்தனைகள் இருந்தன. ஆசிரியர் கிளப்புக்குள் அவர் போகக் கூடாது. கால்பந்து ஆட்டத்துக்கு ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் டிக்கெட் கேட்கக் கூடாது. பட்டமளிப்பு விழாவின் ஊர்வலத்தில் நடக்கக் கூடாது. அவரும் ஒரு நிபந்தனை போட்டார். வருஷத்தில் பாதிதான் போதிப்பேன், மீதிக் காலம் தொழிற்சாலைகளில் என் வேலையைச் செய்வேன் என்பதே அது. 1935-ல் ஓய்வு பெறும்வரை அவருக்கு உத்தியோக உயர்வே கொடுக்கப்படவில்லை. உதவிப் பேராசிரியையாகச் சேர்ந்தவர் உதவிப் பேராசிரியையாகவே வெளியே வந்தார்.

அவர் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் தொழில் விஷங்களைப்பற்றி 1925-ல் பெரிய நூல் எழுதினார். அதே வருஷம், மோட்டார் பெட்ரோலில் காரீயம் கலப்பதால் மக்களுக்குக் கேடு வரும் என்று வாஷிங்டன் மகாநாட்டில் எச்சரித்தார். அப்போது யாரும் கேட்கவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் உலகம் அந்தப் பெட்ரோலைக் கைவிடத் தொடங்கியது. கடிகார முகப்பில் ரேடியம் பூசி நோயுற்ற பெண்களின் வழக்குக்கும் அவர் பக்கபலமாக நின்றார். சர்வதேச சங்கத்தின் சுகாதாரக் கமிட்டியில் ஆறு வருஷம் அங்கம் வகித்தார். செயற்கைப் பட்டுத் தொழிற்சாலைகளின் விஷப் புகை தொழிலாளியைப் பைத்தியமாக்குவதைக் கண்டு, எழுபது வயதை நெருங்கும் காலத்திலும் விசாரணைக்குப் புறப்பட்டார். 1943-ல் தம் சரித்திரத்தை எழுதினார். அதில் செத்த விரல்களின் கதைக்கும் இடம் கொடுத்திருந்தார்.

கனெக்டிகட் மாகாணத்தில் ஹாட்லைம் என்ற கிராமத்தில் சகோதரியுடன் அமைதியாக வாழ்ந்து, 1970-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, தமது 101-வது வயதில் காலமானார். மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமான காலம் கழித்து, டிசம்பர் 29-ந் தேதி, தொழிலாளர்களின் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான பெரிய சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தாயிற்று. எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் நுழைய உரிமையில்லாமல் கதவைத் தட்டித் திரிந்தவரின் காலம் முடிந்தது. சர்க்கார் அதிகாரி சட்டப்படி உள்ளே நுழையும் காலம் தொடங்கிற்று.

அறுபது வருஷத்துக்குப் பின்

இத்துடன் கதை சுபமாக முடிந்ததென்று சொல்லலாமா? சொல்ல முடியாது.

1978-ல் ஆராய்ச்சியாளர் குழு ஒன்று அதே பெட்ஃபோர்டுக்குப் போயிற்று. டாக்டர் ஹாமில்டன் பார்த்தபடியே கல்தச்சர்களின் கைகளைப் பார்த்தது. அறுபது வருஷங்களில் ஆகாய விமானங்கள் மாறின. மனிதன் சந்திரனில் கால் வைத்துவிட்டான். ஆனால் காற்றுச் சுத்தி மட்டும் அதிகமாக மாறவில்லை! விரல்களும் மாறவில்லை. பத்துக்கு எட்டுப் பேருக்கு அதே வெளுப்பு. 1984-ல் இந்த ஆராய்ச்சி வெளிவந்தபோது அதன் தலைப்பிலேயே பழைய அறிக்கையின் பெயரைத் தாங்கி வந்தது. நோயைக் கண்டுபிடிப்பது வேறு, அதைத் தடுப்பது வேறு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கொஞ்சம் கொஞ்சமாக மாறுதல் வந்தது. காட்டில் மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தின் கைப்பிடிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ரப்பர் வைத்து அதிர்ச்சியைக் குறைத்தார்கள். மரம் வெட்டுவோரின் விரல் நோய் குறைந்தது. பிரிட்டன் 1985-ல் இதை நஷ்டஈட்டுக்குரிய தொழில் நோயாக ஏற்றது. பின்னர் அந்நாட்டின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் லட்சத்துக்கு மேற்பட்டோர் நஷ்டஈடு கோரினார்கள். ஐரோப்பிய யூனியன் 2002-ல் அதிர்ச்சிக்கு அளவே விதித்தது. எட்டு மணி வேலைக்குக் கணக்கிட்டால், கையில் படும் அதிர்ச்சி 2.5 என்ற அளவைத் தாண்டியதும் முதலாளி அதைக் குறைக்க ஏற்பாடு செய்யவேண்டும். 5 என்ற அளவை எந்த நாளும் தாண்டவே கூடாது.

வெயில் தேசத்தில் இந்தக் கவலை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். வெப்ப நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளில் விரல் வெளுப்பது அரிதாகவே காணப்படுகிறது. ஆனால் மரமரப்பும், குத்தலும், பிடிப்புக் குறைவும் அங்கேயும் காணப்படுகின்றன. கல் குவாரியில் துளை போடுபவருக்கும், ரோட்டை உடைப்பவருக்கும், இரும்புப் பட்டறையில் கிரைண்டர் பிடிப்பவருக்கும் வெயில் முழுப் பாதுகாப்பாகாது.

செய்யவேண்டியவை அதிகச் செலவு பிடிக்கும் காரியங்களுமல்ல. தேய்ந்த கருவியை மாற்றவேண்டும். மழுங்கிய உளியைத் தீட்டவேண்டும். ஒருவரே நாள் முழுவதும் பிடிக்காமல் முறை வைத்து மாற்றிக்கொள்ளவேண்டும். கருவி நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும், இறுக்கக் கூடாது. கையையும் உடம்பையும் குளிரவிடக் கூடாது. புகை பிடிப்பது இரத்தக் குழாயை மேலும் சுருக்கும். சாதாரணக் கையுறை சூட்டைக் காக்குமே தவிர அதிர்ச்சியைத் தடுக்காது. வேலை முடிந்த பிறகும் விரல் மரத்தே இருந்தால், அதைத் தொழிலின் தழும்பு என்று ஒதுக்காமல் டாக்டரிடம் காட்டவேண்டும். ஆரம்பத்தில் கண்டால் மேலே வளராமல் தடுக்கலாம், முற்றினால் திரும்பாது. இவற்றில் பலவற்றை 1918-லேயே ஆலிஸ் ஹாமில்டன் எழுதிவைத்துவிட்டார்.

அமெரிக்க சர்க்கார் 1987-ல் தொழில் சுகாதார ஆராய்ச்சிசாலை ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. 1995-ல் அவர் படத்தைத் தபால் தலையில் அச்சிட்டது. ஆனால் காலையில் எழுந்த தொழிலாளி பிறர் உதவியில்லாமல் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறானே, அதுதான் அவருக்கு உண்மையான ஞாபகச் சின்னம்.